மூடுபனி ஊரில் பாண்டா செடி: ரோம இலை சக்குலன்டை மலையகத்து வீட்டுக்குள் வளர்க்க முழுமையான வழிகாட்டி

“தண்ணியே ஊத்தல, அப்புறம் எப்படி அழுகுச்சு?” பாண்டா செடி வாங்கிப்போன வீடுகளில் முதல் மழைக்காலம் முடிவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் பொய் சொல்லவில்லை. ஜூன் மாதத்தில் ஹட்டனிலோ லிந்துலையிலோ இஸ்தோப்பில் வைத்த சாடிக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, மூடுபனியே ஊற்றிவிடும். சக்குலன்ட், அதாவது சதைப்பற்றான இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்துவைக்கும் செடிகள் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை வறண்ட காற்றுள்ள ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. “வாரம் ஒருமுறை தண்ணீர்” என்ற விதியை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் செடி நிற்காது. இந்த வழிகாட்டி நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை போன்ற குளிர்ப் பகுதிகளுக்காக எழுதப்பட்டது. கண்டி, மாத்தளைக்காரர்கள் தண்ணீர் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில், செடியை அறிந்துகொள்ளுங்கள்

நாற்றுமேடைகளில் “பாண்டா பிளான்ட்” என்று விற்பது கலஞ்சோ டொமென்டோசா. வெள்ளி கலந்த பச்சை இலை, தொட்டால் வெல்வெட், ஓரத்தில் வரிசையாகக் கபிலப் புள்ளிகள். மடகஸ்காரின் நடு மேட்டு நிலத்துக்குரியது. 1882இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோன் கில்பர்ட் பேக்கர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நம் வேலியோரங்களில் தானாக முளைக்கும் ரணகள்ளி, அதாவது சிங்களத்தில் அக்கபான, இதே குடும்பம். அதன் இலையைப் புத்தகத்துக்குள் வைத்து ஓரமெல்லாம் குட்டி முளைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாண்டா செடி அப்படி ஓரத்தில் முளைக்காது. இலையின் அடியிலிருந்து மட்டுமே வேர்விடும். பதியன் போடும்போது, அதாவது இலையிலிருந்தோ தண்டிலிருந்தோ புதுச் செடி எடுக்கும்போது, இது முக்கியம்.

இதுவும் ஒரு மேட்டுநிலச் செடி என்பதால் குளிர் மட்டும் இதைக் கொல்வதில்லை. வேர் காய்ந்திருந்தால் 10 பாகை செல்சியஸ் வரை கவலையில்லை. குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதுதான் ஆபத்து.

அது ஏன் என்று புரிந்துகொண்டால் கீழே சொல்லப்போகும் எல்லாமே தானாக விளங்கும். அந்த ரோமம் வறண்ட காற்றுக்காக உருவானது. கடும் வெயிலைத் திருப்பி அனுப்பும், இலைமேல் அசையாத ஒரு காற்றுப் படலத்தைப் பிடித்து வைத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். மூடுபனியில் அதே ரோமம் நுண்ணிய நீர்த்துளிகளைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பான இலையில் உருண்டு விழும் துளி இங்கே மணிக்கணக்கில் தங்கும். இன்னொன்று: இந்தக் குடும்பத்துச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில்தான் திறக்கும். பாலைவன இரவு என்றால் சரி. மலையகத்து மழைக்கால இரவில் காற்றே நீரால் நிரம்பியிருக்கும். இலை திறந்தாலும் நீர் வெளியேறாது. இலையிலிருந்து போகாதபோது வேர் உறிஞ்சாது, வேர் உறிஞ்சாதபோது சாடி மண் காயாது. தண்ணீர் ஊற்றாமலே அழுகுவதன் கதை இதுதான்.

ரோம இலையுள்ள வேறு செடிகளும் கிடைக்கின்றன. கரடிப் பாதம் போன்ற இலையுள்ள கொட்டிலெடன் டொமென்டோசா தென்னாபிரிக்க வறண்ட நிலத்தது. நுவரெலியாவின் ஈரத்தில் அதை வைத்திருப்பது கடினம், புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். பெரிய கம்பளி இலையுள்ள கலஞ்சோ பெஹாரென்சிஸ் சூடு விரும்பி, கண்டிக்குக் கீழே நன்றாக வரும். மெக்சிகோவின் எச்செவேரியா செட்டோசா குளிரைத் தாங்கும், ஆனால் ரோஜாப்பூ போல அடுக்கிய இலை நடுவே நீர் தேங்கினால் போயிற்று. கற்பூரவள்ளியும் ரோமச் செடிதான் என்றாலும் அதைச் சக்குலன்ட் போலக் காயவிடக்கூடாது. அது தண்ணீர் கேட்கும்.

படி 1: வாங்கும்போது

நுவரெலியாவிலும் ஹக்கல வீதியோரமும் விற்கும் செடிகள் பெரும்பாலும் பொலித்தீன் கூடாரத்தில் வளர்ந்தவை. அங்கே மழை படாது, பகலில் வெப்பம் அதிகம். இலையின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அடித்தண்டை இரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், உறுதியாக இருக்க வேண்டும். இலைகள் தண்டோடு சேரும் மூலைகளில் பஞ்சு போல வெள்ளை ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ரோமத்தின் வெண்மையில் அது மறைந்துகொள்ளும் என்பதால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். இலை இலைக்கு இடையே தண்டு நீண்டு தெரிந்தால் நிழலில் வளர்ந்தது. ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்தில் விலையும் கூடும், செடியும் அவசரமாகச் சாடிக்கு மாற்றப்பட்டிருக்கும். பொறுக்க முடிந்தால் கூட்டம் கலைந்த பிறகு போங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்றச் செடிகளிடமிருந்து இரண்டு வாரம் தள்ளி வையுங்கள்.

படி 2: மண்ணை மாற்றுங்கள்

நாற்றுமேடைச் சாடியில் இருப்பது பெரும்பாலும் தும்புத்தூள். விற்பவருக்கு அது வசதி: பாரம் குறைவு, நாளெல்லாம் ஈரம் பிடிக்கும். நமக்கு அதுவே பகை. வாங்கிய முதல் மாதத்துக்குள், காய்ந்த ஒரு வாரம் பார்த்து மாற்றிவிடுங்கள்.

தோட்டத்து மண்ணையும் நேராக அள்ளிப் போடாதீர்கள். தேயிலை மண் அமிலத்தன்மை கூடியது, களியும் அதிகம். சாடிக்குள் இறுகிவிட்டால் வேருக்குக் காற்றே கிடைக்காது. நம் பக்கத்தில் கிடைக்கும் பொருட்களிலேயே நல்ல கலவை செய்யலாம்:

- பருமனான ஆற்று மணலும் அரிசிமணி அளவு சிறு சல்லியும் சேர்த்து 2 பங்கு
- உமிக்கரி 1 பங்கு
- சலித்த, நன்கு உக்கிய கூட்டெரு 1 பங்கு

கடல்மணல் வேண்டாம், உப்பு. உமிக்கரி கிடைக்காவிட்டால் அடுப்புக்கரியைப் பயறு அளவுக்கு இடித்துப் போடலாம், ஆனால் சாம்பலை நீக்கிவிட வேண்டும். சாம்பல் மண்ணைக் காரமாக்கிவிடும். உடைந்த செங்கல் இருந்தால் அதுவும் சல்லிக்குப் பதிலாகும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டும் வட்டவளைப் பக்கத்தவர்கள் கூட்டெருவைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் சல்லியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கலவை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. சாடியில் நிரப்பி ஒரு கோப்பை நீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் சில விநாடிகளில் கீழே ஒழுகத் தொடங்க வேண்டும். நின்று நிதானமாக இறங்கினால் இன்னும் சல்லி வேண்டும்.

படி 3: சாடி

சுட்ட மண்சாடிதான் மலைக்கு ஏற்றது. பக்கவாட்டிலும் ஈரம் கசிந்து போகும். 10 சென்றிமீற்றர் வாயகலம் ஒரு சிறு செடிக்குப் போதும். பெரிய சாடியில் சின்னச் செடி வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். சீமெந்துச் சாடி கனம், அதோடு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். பிளாஸ்டிக் மட்டுமே இருக்கிறது என்றால் சூடேற்றிய கம்பியால் அடியில் இன்னும் நாலைந்து துளை போட்டுக்கொள்ளுங்கள்.

மண்சாடியில் ஒரு கூடுதல் வசதி: அது பேசும். வெளிப்பக்கம் பச்சையாகப் பாசி படர்ந்தால் சாடி காய நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். தண்ணீரைக் குறைக்க வேண்டும், அல்லது காற்றுப்படும் இடத்துக்கு மாற்ற வேண்டும்.

படி 4: இடம் பிடிப்பது

இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். மலையகத்தில் காலை வெயிலே நம்பகமானது. நண்பகலுக்குப் பிறகு மேகமோ மூடுபனியோ ஏறிவிடும் நாட்கள் அதிகம். ஆகவே கிழக்குப் பார்த்த யன்னல் முதல் தெரிவு. மேற்கு யன்னலில் வைத்துவிட்டு “வெயில் படும் இடம்தானே” என்று நினைப்பவர்களின் செடிதான் கழுத்து நீண்டு போகிறது. தெற்கு, வடக்கு யன்னல்கள் ஆண்டில் பாதிப்பாதி நாளுக்கு உதவும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே.

லயத்துக் காம்பராக்களில் யன்னல் சிறியது, உள்ளே இருட்டு. அங்கே செடியை உள்ளே வைப்பதைவிட இஸ்தோப்பின் உள்விளிம்பில், தகரத்திலிருந்து சொட்டும் நீரும் சாரலும் எட்டாத தூரத்தில் வைப்பதே மேல். தரையில் வேண்டாம், பலகை போட்டு இடுப்பு உயரத்தில் வையுங்கள். நத்தையிடமிருந்தும் தப்பும், காற்றும் கிடைக்கும். மழை பலமாக அடிக்கும் வாரங்களில் மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளலாம். கூரையில் ஒளி புகும் தகடு ஒன்று போட்டிருந்தால் அதற்கு நேர்கீழே நல்ல இடம்.

குசினியில் வைக்காதீர்கள். விறகுப் புகையின் கரியும் தாளிக்கும் எண்ணெய் ஆவியும் ரோமத்தில் படிந்தால் துடைத்து எடுக்கவே முடியாது. ஆனால் அடுப்புச் சுவரின் மறுபக்கம் வேறொரு அறை இருந்தால், புகை வராத அந்தப் பக்கம் அருமையான இடம். சுவர் இளஞ்சூடாகவும் உலர்ந்தும் இருக்கும்.

கூடாரத்திலிருந்து வந்த செடியை ஒரேயடியாக நேர் வெயிலில் வைத்தால் இலை கபிலமாகப் பொசுங்கும். மூடுபனி விலகிய நாளில் மலைவெயில் சுள்ளென்று இருக்கும். முதல் வாரம் காலை ஒரு மணி நேரம், பிறகு மெதுவாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா, கந்தப்பளைப் பகுதிகளில் புல்லில் உறைபனி படியும் இரவுகள் உண்டு. அந்த நாட்களில் செடியைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்காமல் அறைக்குள் இரண்டடி தள்ளி வையுங்கள்.

படி 5: தண்ணீர்

நாள் எண்ணி ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாடியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த சாடி கையில் பஞ்சாகத் தெரியும். சந்தேகம் என்றால் ஈர்க்கு ஒன்றை அடிவரை குத்தி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம். இலையும் சொல்லும்: கீழ் இலைகள் லேசாகச் சுருங்கி, விரலுக்கு மெத்தென்று வளைந்தால் தாகம். இலை மஞ்சளாகி, கண்ணாடி போல ஊடுதெரிந்து, தொட்டதும் உதிர்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுகும் செடிக்கு மேலும் ஊற்றுவதை நிறையப் பார்க்கலாம்.

ஊற்றும்போது இலையில் படாமல் ஊற்ற வேண்டும். அடித்தட்டில் நீர் விட்டு 15 நிமிடம் சாடியை அதில் வைத்து, மேல்மண் நனைந்ததும் எடுத்து வடியவிடுவது இன்னும் நல்லது. தட்டில் மிச்ச நீர் நிற்கக்கூடாது. நேரம், வெயில் வரப்போகும் காலை மட்டுமே. மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் குளிர்ந்த ஈரத்தில் நிற்கும்.

இனிப் பருவம். மலையகம் முழுவதற்கும் ஒரே பருவம் கிடையாது. மலை முதுகின் எந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை உள்ளிட்ட மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. இந்த மாதங்களில் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் ஈர்க்குச் சோதனையில் தேறினால் மட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் வெளுத்திருக்கும், அப்போது 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை கேட்கும்.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைக்கு இது தலைகீழ். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, அப்போது சாடியைக் காயவிடுங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் அதே வறண்ட காற்று சாடியையும் விரைவாகக் காயவைக்கும். செடி வளர்வதும் அப்போதுதான், வாரம் பத்து நாளில் தண்ணீர் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். ஒக்டோபர், நவம்பர் இரு பக்கத்துக்கும் மழை.

தேயிலைக் காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு நாட்காட்டியே தேவையில்லை. கொழுந்தில் கொப்புள நோய் தெரிய ஆரம்பித்தால் காற்று பூஞ்சணத்துக்குச் சாதகமாகிவிட்டது என்று பொருள். 1946இல் இந்த நாட்டுக்குள் வந்த அந்த நோய் குளிர்ந்த ஈரத்திலும் வெயில் குறைந்த நாட்களிலும் பரவுவது. கொழுந்துக்கு மருந்தடிக்கும் நாட்களில் பாண்டா செடிக்குத் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ரோமத்தைப் பேணுவது

துணியால் துடைக்கக்கூடாது. ரோமம் முறிந்தால் அந்த இலையில் மறுபடி முளைக்காது, வழுக்கையாகவே நிற்கும். தூசியை மெல்லிய ஓவியத் தூரிகையால், இலை அடியிலிருந்து நுனி நோக்கி, ரோமம் சாய்ந்த திசையிலேயே தட்டிவிடுங்கள். நீர்த்துளி பட்டுவிட்டால் டிஷூ கடதாசியின் முனையை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இலைக்குப் பளபளப்பூட்டும் திரவங்கள் இதற்கு ஆகவே ஆகாது. சின்னப் பிள்ளைகள் தடவிப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கென்று கீழே ஓர் இலையை விட்டுக்கொடுத்துவிடலாம்.

படி 7: உரம்

மிகக் கொஞ்சம். வளரும் வறண்ட பருவத்தில் இரண்டு முறை, அல்பர்ட் உரக்கரைசலைப் பொதியில் சொன்ன அளவில் கால்பங்குக்கு ஐதாக்கி, ஈரமான மண்ணில் ஊற்றினால் போதும். தேயிலைக்குப் போடும் யூரியாக் கலவையில் ஒரு சிட்டிகை என்றும் ஆசைப்படாதீர்கள். தண்டு நீர்கோத்து மெலிந்து நீளும், பூச்சியும் தேடி வரும். தேநீர் வடித்த சக்கையைச் சாடியில் கொட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ரோஜாவுக்குப் போடுங்கள். இந்தச் சாடியில் அது ஈரத்தைப் பிடித்து, வெள்ளைப் பூஞ்சணம் கட்டி, சிறு ஈக்களை வரவழைக்கும்.

படி 8: நோயும் பூச்சியும்

அடித்தண்டு கறுத்து மெதுமெதுவென்று ஆனால் அன்றைக்கே கத்தியை எடுங்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, கறுப்புக்கு மேலே வெட்டி, வெட்டுமுகம் முழுக்கச் சுத்தமாக வரும்வரை சீவிக்கொண்டே போங்கள். நடுவில் ஒரு கபிலப் புள்ளி தெரிந்தாலும் இன்னும் மேலே போக வேண்டும். மீந்த நுனியைப் பதியனாக்கலாம்.

இலையில் ஈரக் கபில வட்டமும் அதன்மேல் சாம்பல் நிறப் பஞ்சும் தெரிந்தால் சாம்பல் பூஞ்சணம். அந்த இலையைக் காம்போடு கிள்ளி வீட்டுக்கு வெளியே போடுங்கள், சாடிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். காற்றோட்டமே இதற்கு மருந்து.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சவர்க்கார நீரும் தெளிப்பதே வழக்கம். ரோம இலையில் அது வேண்டாம். எண்ணெய் ரோமத்தை ஒட்டவைத்து அசிங்கமாக்கும், நீரும் உள்ளே தங்கும். காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, பூச்சிமேல் மட்டும் தொட்டு எடுங்கள். முதலில் ஓர் இலையில் சோதித்து மறுநாள் பாருங்கள். வாரம் ஒருமுறையாக நாலு வாரம் விடாமல் செய்ய வேண்டும், முட்டைகள் பிந்திப் பொரிக்கும். காரணமே தெரியாமல் செடி வாடினால் சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். அங்கேயும் வெள்ளைப் பூச்சி இருக்கும். மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, மூன்று நாள் நிழலில் காயவைத்துப் புதிய கலவையில் நடுங்கள்.

வீட்டில் ஆடு, மாடு, நாய், பூனை இருந்தால் கவனம். கலஞ்சோ இனச் செடிகளில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. வெட்டிய தண்டையும் இலையையும் மாட்டுக்குப் போடும் புல்லோடு சேர்த்துவிடாதீர்கள்.

படி 9: பதியன்

மேற்குச் சரிவில் ஜனவரி கடைசியிலும், ஊவாவில் ஜூனிலும் தொடங்குங்கள். முன்னால் இரண்டு மூன்று உலர்ந்த மாதங்கள் இருக்க வேண்டும்.

நடுத்தண்டிலிருந்து முற்றிய இலை ஒன்றைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துக் கழற்றுங்கள். அடி முழுமையாக வர வேண்டும். பாதியில் கிழிந்த இலை வேர்விடாமல் அழுகும். சமவெளியில் மூன்று நாளில் காயும் காயம் இங்கே ஒரு வாரம், பத்து நாள்கூட எடுக்கும். கடதாசிமேல் பரப்பி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் பொறுமையாக வையுங்கள். அடிப்பகுதி தோல் கட்டி உலர்ந்ததும், கீழே துளையிட்ட யோகட் கோப்பையில் மணலும் உமிக்கரியும் சமமாக நிரப்பி, இலையை அதன்மேல் சாய்த்து வைத்தால் போதும், புதைக்க வேண்டாம். வேர் தெரியும்வரை தண்ணீர் இல்லை. மலைக்குளிரில் வேர் வர ஒரு மாதம், குட்டி தலைகாட்ட இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகும். தாய் இலை சுருங்கித் தானாக விழும்வரை பிரிக்காதீர்கள்.

அவசரக்காரர்களுக்குத் தண்டுப் பதியன். 8 சென்றிமீற்றர் நுனியை வெட்டி, கீழிரண்டு இலையை நீக்கி, வெட்டுமுகத்தில் கறுவாத்தூள் தொட்டு அதே பத்து நாள் காயவைத்து நடுங்கள்.

சில ஆண்டுகளில் எந்தப் பாண்டா செடிக்கும் அடித்தண்டு வெறுமையாகி, உச்சியில் மட்டும் இலை நிற்கும். அது நோயல்ல, வயது. உலர்ந்த பருவத்தில் உச்சியை வெட்டிப் புதிதாக நட்டுவிடுங்கள். மிஞ்சிய கட்டையைப் பிடுங்கி எறியாமல் அதே சாடியில் விட்டு, தண்ணீரை மட்டும் பாதியாகக் குறையுங்கள். வெட்டுக்குக் கீழே உள்ள கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளை வரும்.